காலுக்கடியில் இருக்கும் பிரேக்: பழைய பிக்கப்பில் சேசிஸ் பெடல் பொருத்தும் வழி

இப்போது ஓடுகிற எந்த வண்டியை எடுத்துக்கொண்டாலும் பிரேக் பெடல் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தொங்கும். பேனட்டைத் தூக்கினால், கால் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் கண்ணெதிரே நிற்கும். ஆயில் குறைந்தால் டப்பாவிலேயே தெரிந்துவிடும். 1940, 50களின் பிக்கப்புகள் அப்படி இல்லை. பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலே வரும். அதன் அச்சு, சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடு, மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் டிரைவர் காலுக்கு அடியில், சேசிஸின் பக்கத்தில் ஒளிந்திருக்கும். 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த செவ்ரொலே 3100 இந்த அமைப்புக்கு நல்ல உதாரணம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்தது. அதனால் அந்தக் காலத்துச் செவ்ரொலேக்கள் சில இன்னும் நம் ஊர்க் கொட்டகைகளில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன.

அப்படி ஒன்றை எடுத்து ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் எஞ்சினைப் பார்க்கிறார்கள், அப்புறம் பெயின்ட். பிரேக்குக்கு நான்கு வாஷர் மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அந்தக் கால மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை, ஒரே பிஸ்டன். நான்கு சக்கரத்துக்கும் ஆயில் அங்கிருந்துதான் போகிறது. எங்கோ ஒரு பைப் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். எண்ணூர் ஹைரோட்டில் பின்னால் கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருக்கும்போது அது நடக்கக் கூடாது. இரண்டு அறை உள்ள மாஸ்டர் சிலிண்டரோடு புதிய பெடல் அசெம்பிளியைச் சேசிஸில் பொருத்திவிட்டால், முன்பக்கம் போனாலும் பின்பக்கம் நிற்கும், பின்பக்கம் போனாலும் முன்பக்கம் நிற்கும்.

எங்கள் ஷெட் வடசென்னையில், தண்டையார்பேட்டையில் இருக்கிறது. கடல் கிட்டத்தில் இருப்பதால் உப்புக்காற்று எப்போதும் உண்டு. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பதும் புதிதில்லை. காலுக்கடியில் இருக்கிற பிரேக்குக்கு இந்த இரண்டுமே எதிரி. அதனால் இந்த வேலையில் என் ஒரே பிடிவாதம் இது: பொருத்துகிற ஒவ்வொரு பாகத்தையும் பிறகு பார்க்கவும் தொடவும் முடிகிற மாதிரி பொருத்த வேண்டும். கீழே சொல்லப்போகிற பல முடிவுகள் இதிலிருந்து வந்தவைதான்.

வாங்குவதற்கு முன்னால்

அசெம்பிளி என்பது ஒரு பிராக்கெட், பெடல் கை, அதற்கான அச்சும் புஷ்ஷும், புஷ் ராடு, மாஸ்டர் சிலிண்டர், சிலவற்றில் வாக்குவத்தால் கால் மிதிக்குப் பலம் கூட்டும் ஒரு பூஸ்டர். உங்கள் மாடலுக்கென்றே தயாரான கிட் வெளிநாட்டிலிருந்து வரும். இல்லையென்றால் பிராக்கெட்டை இங்கேயே ஒரு நல்ல லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். எது என்றாலும் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் கிட்டுகள் பெரும்பாலும் இடது ஸ்டியரிங்குக்கு அளவெடுத்தவை. நம் வலது ஸ்டியரிங் வண்டியில் அதே இடத்தில் ஸ்டியரிங் பாக்ஸும் கிளட்ச் இணைப்பும் குறுக்கே வரலாம்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. பெடலின் அச்சிலிருந்து கால் வைக்கும் இடம் வரை அளந்து, அதை அச்சிலிருந்து புஷ் ராடு மாட்டும் துளை வரையுள்ள நீளத்தால் வகுங்கள். 300 மி.மீ.க்கு 50 மி.மீ. என்றால் 6. இதுதான் பெடல் விகிதம். பூஸ்டர் இல்லாத பிரேக்குக்கு ஏறக்குறைய 6 இருக்க வேண்டும், பூஸ்டர் இருந்தால் 4 போதும். காலால் 30 கிலோ அழுத்தினால் புஷ் ராடில் 180 கிலோ வருகிறது. அதை உள்விட்டம் 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ. உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஏற்றால் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 35 கிலோ அழுத்தம். அதே காலுக்கு 3/4 அங்குலச் சிலிண்டர் 63 கிலோ வரை கொடுக்கும்.

அப்படியென்றால் சின்னதே நல்லது என்று தோன்றும். ஆனால் சின்னச் சிலிண்டர் தள்ளுகிற ஆயிலும் குறைவு. 25 மி.மீ. தள்ளினால் 1 அங்குலச் சிலிண்டர் 12 மில்லிக்கு மேல் கொடுக்கும், 3/4 அங்குலம் கொடுப்பது 7 மில்லிதான். நான்கு பக்கமும் டிரம் உள்ள வண்டியில் சக்கரத்தில் இருக்கும் பெரிய வீல் சிலிண்டர்களை நிரப்ப அது போதாமல், பிரேக் ஷூ டிரம்மைத் தொடும் முன்பே பெடல் தரையில் இடிக்கும். நான்கும் டிரம் என்றால் 1 அங்குலத்தில் தொடங்குங்கள். முன்னால் டிஸ்க் மாற்றியிருந்தால், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் அளவையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பூஸ்டர் வேண்டுமா? நம் ஊரில் பழைய பிக்கப்பில் பாதிக்குமேல் டீசல் எஞ்சின் ஏற்றியிருப்பார்கள். பெட்ரோல் எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வாக்குவம் கிடைக்கும். டீசலில் அது கிடையாது, தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும். ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே பம்ப் வரும் டீசல் எஞ்சின்கள் இங்கே உண்டு. உங்கள் எஞ்சினில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு பூஸ்டருக்குப் பணம் கொடுங்கள். அரை டன் பிக்கப்புக்கு, பெடல் விகிதம் சரியாக இருந்தால், பூஸ்டர் இல்லாமலே நன்றாக நிற்கும். முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது பூஸ்டர் இல்லாத அமைப்புதான். கீழே இடமும் மிச்சம், கெட்டுப்போக ஒரு பொருளும் குறைவு.

ரிஜிஸ்ட்ரேஷன் விஷயம் ஒன்று. 50 வருடத்துக்கு மேலான, வியாபாரத்துக்கு ஓடாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் விதி வந்தது. சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. அந்தப் பதிவு உங்கள் எண்ணத்தில் இருந்தால் சேசிஸில் டிரில் வைக்கும் முன் ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிடுங்கள். பழைய துளைகளிலேயே உட்காரும் பிராக்கெட் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

கழற்றுவது

சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். தெருவோரச் சரிவு வேண்டாம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் இவற்றையும் ஸ்டாண்டுக்குப் பதில் வைக்காதீர்கள். சட்டென்று நொறுங்கும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள்.

எதையும் தொடும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் எந்த உயரத்தில் நின்றது, கிளட்ச் பெடலுக்கு எவ்வளவு தள்ளி இருந்தது, ரிட்டர்ன் ஸ்பிரிங் எங்கே மாட்டியிருந்தது, பிரேக் லைட் சுவிட்ச் வயர் எந்த நிறம் என்று எல்லாம் பதிவாகட்டும். மாலையில் சந்தேகம் வரும்போது அந்தப் படம்தான் பதில் சொல்லும்.

கேபினுக்குள் ரப்பர் மேட்டை எடுத்தால் பெடல் வரும் இடத்தில் தரைத் தகடு தனியாகக் கழன்று வரும். பெடலின் மேல்பகுதி, அதாவது கால் வைக்கும் தட்டு, பெரும்பாலும் தனி போல்டில் இருக்கும். அதைக் கழற்றினால்தான் பெடல் கை கீழே இறங்கும். இந்த வண்டிகளில் கிளட்ச் பெடலும் பிரேக் பெடலும் ஒரே அச்சில் உட்காருவது வழக்கம். பழைய அச்சை உருவும் முன், கிளட்ச் பெடலை எது தாங்கப்போகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். புதிய பிராக்கெட்டில் அதற்கு இடம் இல்லையென்றால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

எழுபது வருடத் துரு பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாளே துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். காலையில் மறுபடி ஒருமுறை. அப்புறம் ரிங் ஸ்பேனர். அவசரப்பட்டு கேஸ் கட்டரைச் சேசிஸில் காட்ட வேண்டாம். சூடான இடத்தில் இரும்பின் பலம் மாறிவிடும், பக்கத்தில் பெட்ரோல் பைப்பும் போகும். வராத போல்ட்டை கிரைண்டரில் அறுத்துவிடலாம்.

பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். பட்ட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள், சாக்கடையில் விட வேண்டாம்.

பழைய பிராக்கெட் இருந்த இடத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். மொத்தென்று கேட்டாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ, துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, பெடல் வேலையை நிறுத்திவிட்டு முதலில் சேசிஸைச் சரிசெய்யுங்கள். காசிமேட்டில் மீன், ஐஸ் ஏற்றி ஓடிய வண்டிகளின் சேசிஸில் இதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே உப்பு தின்றிருக்கும்.

காலியாக மாட்டிப் பார்ப்பது

புதியவர்கள் தாண்டிப் போகிற படி இது. அரை நாள் பிடிக்கும், ஆனால் மற்ற எல்லாவற்றையும் இதுதான் தீர்மானிக்கிறது. ஆயில் இல்லாமல், பைப் இல்லாமல், பிராக்கெட்டை இரண்டு போல்டில் லேசாக நிறுத்தி, மாஸ்டர் சிலிண்டரையும் பூட்டி, பெடலைக் கையால் மேலிருந்து கடைசி வரை அழுத்திப் பாருங்கள். கியர் லீவர் கம்பி, கிராஸ் மெம்பர், ஸ்டியரிங் பாக்ஸ், ஹேண்ட்பிரேக் கேபிள் எதிலாவது இடிக்கிறதா? கிளட்ச் பெடலும் பிரேக் பெடலும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா? ஷூ போட்ட கால் இரண்டுக்கும் நடுவில் சிக்காமல் போகிறதா? உங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்து பாருங்கள்.

சைலன்சர் பைப் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பெரிய விஷயம். நம் ஊர் மே மாத வெயில், டிராஃபிக்கில் ஊர்கிற வண்டி, பக்கத்திலேயே சுடுகிற பைப் என்று மூன்றும் சேர்ந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் சூடாகும். கொதித்தால் நீராவிக் குமிழி வரும், பெடல் இறங்கிவிடும். ஒரு கைமுழம் தள்ளி இருந்தால் நல்லது. கிட்டத்தில் இருந்தால் நடுவில் ஒரு தகடு வைத்து, தகட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் காற்றுப் போக வழி விடுங்கள்.

இன்னொன்று. கேபின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, பெடலோ சேசிஸில் நிற்கிறது. வண்டி மேடு பள்ளத்தில் போகும்போது கேபின் அசையும், பெடல் அசையாது. தரையில் பெடல் வரும் துளையை நெருக்கமாக வெட்டினால், ஒரு பள்ளத்தில் தகடு பெடல் கையில் மோதும். தானாகவே பிரேக் பிடிக்கலாம், அல்லது பிடித்த பெடல் திரும்பாமல் மாட்டிக்கொள்ளலாம். சுற்றிலும் குறைந்தது 12 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டுங்கள். தூசியும் தண்ணீரும் வராமலிருக்க இளகிய ரப்பர் மூடி போட்டுக்கொள்ளலாம்.

மாஸ்டர் சிலிண்டர் மட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மூக்கு மேல்நோக்கி இருந்தால் காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், எத்தனை முறை பிளீட் செய்தாலும், அதாவது காற்று எடுத்தாலும், வராது.

ஆயில் ஊற்ற எப்படி எட்டப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பழைய முறைப்படி தரைத் தகட்டில் ஒரு துளையும் மூடியும் இருக்கும். குனிந்து மேட்டைத் தூக்கி ஊற்ற வேண்டும். அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை. நான் எப்போதும் ரிசர்வாயரை, அதாவது ஆயில் டப்பாவை, சிலிண்டரிலிருந்து தனியாக்கி, பேனட்டுக்குள் ஃபயர்வாலில் மேலே வைத்துவிடுவேன். அங்கிருந்து ஹோஸ் வழியாகச் சிலிண்டருக்கு ஆயில் தானாக இறங்கும். பேனட்டைத் தூக்கினால் அளவு தெரியும், தெருவில் தண்ணீர் நின்றாலும் மூடி நனையாது. வடசென்னையில் ஓடப்போகிற வண்டிக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

துளையும் போல்ட்டும்

புதிதாகத் துளை போட வேண்டுமென்றால், சேசிஸின் செங்குத்தான நடுப்பகுதியில் போடுங்கள். மேலும் கீழும் மடிந்திருக்கும் விளிம்பில் வேண்டாம். வண்டியின் பாரத்தை அதிகம் தாங்குவது அந்த விளிம்புகள்தான், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பிராக்கெட்டைச் சேசிஸோடு வெல்டிங் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சென்டர் பஞ்ச் அடித்து, 4 மி.மீ. டிரில்லில் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாக்குங்கள். பிசிறை எடுத்து, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் ஜிங்க் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். கடலோரத்தில் இதை விட்டுவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு கிளம்பிவிடும்.

பெட்டி மாதிரி மூடிய சேசிஸாக இருந்தால் போல்ட்டை இறுக்கும்போது இரண்டு சுவரும் உள்ளே நசுங்கும். நடுவில் கனமான பைப் துண்டு ஒன்றைச் சரியான நீளத்துக்கு வெட்டி வையுங்கள்.

போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் இருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட் கேட் கதவுக்கு ஆகும், பிரேக்குக்கு ஆகாது. காயலான் கடையில் கிடைத்த பழைய போல்ட்டும் வேண்டாம். நைலான் வைத்த செல்ஃப் லாக் நட்டு புதிதாக வாங்குங்கள். எம்10 அளவில் 8.8 போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரென்ச்சில் இறுக்கலாம். கிட்டோடு வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். எல்லாம் இறுகிய பின் பெடல் அச்சில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கக் கூடாது, ஆனால் ஸ்பிரிங் இழுத்ததும் பெடல் தயங்காமல் மேலே வர வேண்டும். புஷ்ஷுக்கு கிரீஸ் நிப்பிள் இருக்கிற அசெம்பிளியாகப் பார்த்து வாங்கியிருந்தால் இப்போது மகிழ்வீர்கள்.

மாஸ்டர் சிலிண்டரும் புஷ் ராடும்

பிரேக் ஆயில் என்று வாய் பழகிவிட்டது. ஆனால் அது எண்ணெய் இல்லை. டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் சேர்ந்த திரவங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் அதற்கென்று செய்தவை. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் எது பட்டாலும் உப்பிப்போகும். நம் ஷெட்டுகளில் எந்தப் பாகத்தையும் பெட்ரோலில் அலசுவது பழக்கம். பிரேக் பாகத்துக்கு அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புதிய பிரேக் ஆயிலிலேயோ ஸ்பிரிட்டிலேயோ கழுவலாம். அதே காரணத்தால் ரிசர்வாயருக்கு வரும் ஹோஸும் பிரேக் ஆயிலுக்கானதாகவே இருக்க வேண்டும். கையில் கிடைத்த பெட்ரோல் டியூப்பை மாட்டினால் சில மாதத்தில் உள்ளே இளகிவிடும்.

சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன் வைஸில் வைத்துக் காற்று எடுங்கள். உடலைப் பிடிக்காமல், போல்ட் மாட்டும் காதுப் பகுதியை வைஸ் பிடிக்கட்டும். இரண்டு வாய்க்கும் சின்ன டியூப் மாட்டி அதன் நுனியை ரிசர்வாயருக்குள் ஆயிலில் மூழ்க வையுங்கள். மழுங்கிய கம்பியால் பிஸ்டனை மெதுவாகத் தள்ளி, மெதுவாக விடுங்கள். குமிழி நிற்கும் வரை செய்யுங்கள். கீழே மாட்டிய பிறகு இதைச் செய்வது பெரிய பாடு.

அடுத்தது புஷ் ராடு. மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு நுண்துளை உண்டு. பெடலை விட்டதும் ஆயில் அதன் வழியாக ரிசர்வாயருக்குத் திரும்பும். புஷ் ராடு கொஞ்சம் நீளமாகிவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, துளை மூடியே இருக்கும். ஓடும்போது சூட்டில் விரிகிற ஆயிலுக்குப் போக இடம் இல்லாமல், கால் வைக்காமலே பிரேக் பிடிக்கத் தொடங்கும். பிடிக்கப் பிடிக்கச் சூடு, சூடேறச் சூடேற இன்னும் பிடிக்கும்.

எங்களுக்கு இது மூலக்கடை மேம்பாலத்தில் நடந்தது. ஷெட்டில் கச்சிதமாக இருந்த வண்டி, மாதவரம் போய்த் திரும்பும்போது பாலத்தில் ஏற மறுத்தது. நான்கு டிரம்மும் கை வைக்க முடியாத சூடு. ஓரத்தில் நிறுத்திக் கட்டை வைத்து, ஆற விட்டு, மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருந்த நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டது. புஷ் ராடை ஒரு சுற்று குறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். இந்தச் சோதனையை நினைவில் வையுங்கள். சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியதும் பிரேக் விட்டால் குற்றம் புஷ் ராடில். அப்போதும் விடாமல், சக்கரத்தில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்றால், பெரும்பாலும் அந்தச் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கும்.

புஷ் ராடு நுனிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் 1 முதல் 1.5 மி.மீ. விடுங்கள். பெடல் விகிதம் 6 என்றால், கால் வைக்கும் இடத்தில் அது 6 முதல் 9 மி.மீ. சும்மா ஆட்டமாகத் தெரியும். லாக் நட்டை இறுக்கிய பின் மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது கொஞ்சம் நகரும். ஆயில் ஊற்றிய பின், பெடலை ஒருவர் லேசாகத் தட்டும்போது ரிசர்வாயருக்குள் சின்னத் துள்ளல் தெரிந்தால் நுண்துளை திறந்திருக்கிறது என்று அர்த்தம். முகத்தைக் கிட்டே வைத்துப் பார்க்காதீர்கள், கண்ணில் தெறிக்கும்.

பிரேக் லைட் சுவிட்சும் பெடலை அரை மில்லிமீட்டர்கூடக் கீழே பிடித்து வைக்கக் கூடாது. அதுவும் புஷ் ராடு நீண்டதற்குச் சமம்.

பைப்

பிரேக் பைப் 3/16 அங்குலம், அதாவது 4.75 மி.மீ. ஸ்டீல், அல்லது துருப்பிடிக்காத காப்பர் நிக்கல் கலவை. கடலோரத்துக்கு இரண்டாவது நல்லது. ஃப்ரிட்ஜ், ஏசி வேலைக்கு வருகிற செம்புப் பைப்பை மட்டும் எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். பார்க்க அழகாக வளையும், அதிர்வில் இறுகி இறுகி ஒருநாள் வெடிக்கும். பைப் நுனியை இரண்டு மடிப்பாக ஃபிளேர் செய்ய, அதாவது விரித்து மடிக்க, வேண்டும். ஒற்றை மடிப்பு தாங்காது.

ஒரு ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க வண்டியின் பைப் நட்டு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. இங்கே கிடைக்கும் மாஸ்டர் சிலிண்டரின் வாய் பெரும்பாலும் எம்10, ஒரு மில்லிமீட்டர் மரை. முன்னது 9.5 மி.மீ., பின்னது 10 மி.மீ. மரையும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் இந்த நட்டு அந்த வாயில் ஏறிவிடும், இறுகின மாதிரியும் தோன்றும். ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் பலமான பிரேக்கில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டையும் வெர்னியரில் அளந்து, பொருந்தாவிட்டால் சரியான அடாப்டர் வாங்குங்கள், அல்லது பைப் நுனியில் சரியான நட்டைப் போட்டுப் புதிதாக ஃபிளேர் செய்யுங்கள்.

சிலிண்டரின் எந்த வாய் முன்பக்கத்துக்கு, எது பின்பக்கத்துக்கு என்று சிலிண்டரோடு வந்த தாளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரு அறை பெரிதாக இருந்தால் அது டிஸ்க்குக்கு. பேட் தேயத் தேயக் காலிப்பர் அதிக ஆயிலை வாங்கி வைத்துக்கொள்ளும்.

சிலிண்டர் சக்கரங்களின் மட்டத்திலேயே இருப்பதால் ஆயில் பின்னோக்கி வடிந்துவிடும், முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போகும். இதைத் தடுக்க, பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கும் ரெசிடுவல் வால்வை அந்தந்தப் பைப்பில் போடுவார்கள். டிஸ்க் பக்கம் 2 பி.எஸ்.ஐ., டிரம் பக்கம் 10 பி.எஸ்.ஐ. மாற்றிப் போட்டால் டிஸ்க் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். சில டிரம் மாஸ்டர் சிலிண்டர்களில் இந்த வால்வு உள்ளேயே இருக்கும், அப்போது வெளியே இன்னொன்று வேண்டாம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்றால் பின்பக்கப் பைப்பில் அழுத்தத்தைக் குறைக்கும் ப்ரபோர்ஷனிங் வால்வும் தேவை. பிக்கப்பின் பின்பகுதி காலியாக இருக்கும்போது லேசானது, மழையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுற்றிவிடும்.

பைப்பை ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப் வைத்துச் சேசிஸோடு பிடியுங்கள். நட்டை ஃபிளேர் ஸ்பேனரில், 15 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினால் போதும்.

காற்று எடுப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். சீல் உடைக்காத புதிய டப்பாவைத் திறங்கள். போன வருடம் திறந்து வைத்த டப்பா வேண்டாம், அது நம் ஊர்க் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்திருக்கும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அது 155 வரை இறங்கலாம். டாட் 3க்கு இந்த இரண்டு எண்களும் 205, 140. சிலிக்கான் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலக்கவே கூடாது.

வலது ஸ்டியரிங் வண்டியில் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருப்பது பின் இடது சக்கரம். அங்கே தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி மறுநுனியை ஆயில் பாட்டிலுக்குள் விடுங்கள். கீழே இருப்பவர் “அமுக்குப்பா” என்றால் மேலே இருப்பவர் மெதுவாக அழுத்தி “புடிச்சிட்டேன்ணா” என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் நிப்பிள் திறக்கும். நிப்பிளை மூடி, “விடு” என்று சொன்ன பிறகுதான் கால் மேலே வரும். இந்தச் சொற்கள் குழம்பினால் காற்று உள்ளே போகும், அதனால் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பெடலை வேகமாக அடிக்க வேண்டாம், குமிழி பொடிப்பொடியாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும். நான்கைந்து மிதிக்கு ஒருமுறை ரிசர்வாயரைப் பாருங்கள். அது காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும். மெத்தென்று இருந்தால் காற்று மிச்சம். இரண்டு மிதியில் மேலே ஏறி வந்தால் டிரம்மின் ஷூ தளர்வாக இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் பிளீட் செய்துகொண்டே இருப்பதில் பலன் இல்லை. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் பிடிக்கவில்லை.

ரோட்டுக்கு எடுக்கும் முன்

பலமாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். இன்னொருவர் டார்ச்சோடு ஒவ்வொரு நட்டையும் காகிதத்தால் துடைத்துப் பார்க்கட்டும். விட்டதும் நான்கு சக்கரமும் கையால் சுற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் தனியாக வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், முதல் ஓட்டத்தில் அதுதான் உங்கள் துணை.

முதல் ஓட்டம் ஷெட் வளாகத்துக்குள், நடக்கிற வேகத்தில். அப்புறம் ஆள் இல்லாத காலி இடத்தில் 20, 30 கி.மீ. வேகத்தில் பத்துப் பன்னிரண்டு முறை நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா, எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று கவனியுங்கள். துறைமுகத்துக்குக் கன்டெய்னர்கள் வரிசை கட்டும் சாலை இதற்கான இடம் இல்லை. முதல் முறை செய்கிறவர் என்றால், பிரேக் வேலையில் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் அடியில் படுத்து எல்லாவற்றையும் பார்த்த பிறகே பொதுச்சாலைக்குப் போங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிராக்கெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரென்ச் வைத்துப் பார்க்க வேண்டும். புதிய பெயின்ட் நசுங்கி போல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

மழைக்காலம்

ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், அடியில் படுத்து ஒருமுறை பாருங்கள். பைப் கிளிப்பின் உள்பக்கம் துரு, பெடல் புஷ்ஷில் கிரீஸ், புஷ் ராடு முனையில் இருக்கும் ரப்பர் மூடி கிழிந்திருக்கிறதா என்று மூன்றும் முக்கியம். அந்த ரப்பர் மூடி கிழிந்தால் தெருத் தண்ணீர் நேராகப் பிஸ்டனுக்குப் போகும். ஆயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

வண்டி தண்ணீரில் நின்றிருந்தால், ஆயிலை மாற்றாமல் ஓட்ட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து கலந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரி எண்ணெய் கலந்த தண்ணீர் மாஸ்டர் சிலிண்டரைத் தொட்டிருந்தால், ஆயிலை மட்டும் மாற்றிப் பயன் இல்லை. சிலிண்டரைப் பிரித்து, எல்லா வாஷரும் ஹோஸும் புதிதாகப் போட வேண்டும். ரிசர்வாயரை மேலே வைத்திருந்தால் அதன் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் தெளிவாக இருந்து, கீழே புஷ் ராடு ரப்பர் மூடிக்குள்ளும் ஈரம் இல்லையென்றால், டிரம்களைக் கழற்றிச் சேற்றைத் துடைத்துக் காயவைத்து, ஆயிலையும் மாற்றிவிட்டு வண்டியை எடுக்கலாம்.